அது அவங்கட பாடம்

1

சில ஆண்டுகளுக்கு முன், கற்பித்தற் பயிற்சி மேற்பார்வைக்காக மலையகத்தின் ஒரு சிறு நகரில் உள்ள தமிழ்மொழிமூலப் பாடசாலைக்குச் சென்றிருந்தேன். எங்கள் கல்லூரியின் ஆசிரிய மாணவி ஒருத்தி எட்டாந்தர வகுப்பில் தமிழ்ப் பாடம் நடத்தினாள். நான் கடைசி வாங்கில் அமர்ந்து குறிப்பெழுதி முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. அடுத்தது சமயப் பாடவேளை. அதுவரை ஒன்றாயிருந்த வகுப்பு என் கண்முன்னே மூன்றாகக் கலைந்தது. சைவப் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் புத்தகங்களோடு அடுத்த கட்டடத்துக்குப் போனார்கள். எஞ்சியோர் எழுவர், முஸ்லிம் பிள்ளைகள். அவர்கள் நூலகத்துக்குப் போனார்கள். இஸ்லாம் பாட ஆசிரியர் மாற்றலாகிச் சென்று ஓராண்டுக்கு மேலாகிவிட்டதென்றும், புதியவர் வரவில்லையென்றும் அதிபர் பின்னர் சொன்னார்.

நூலகத்துக்கு நானும் போனேன். பாடநூலைத் தானாகவே வாசித்து, விளங்காத வரிகளின் கீழே பென்சிலால் கோடிட்டுக்கொண்டிருந்தாள் ஒரு சிறுமி. "விளங்காததை யாரிடம் கேட்பீங்க?" என்றேன். "ஓதப் போற எடத்துல கேப்பம் சேர். சிலது அங்கயும் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

திரும்பி வரும் வழியில், தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்த அதே வகுப்புச் சைவச் சிறுவன் ஒருவனிடம், நூலகத்தில் அவர்கள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டேன். அவன் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "தெரியாது சேர். அது அவங்கட பாடம்."

அந்தக் குரலில் வெறுப்பு இல்லை, ஏளனம் இல்லை. மழை வரும் என்று சொல்வதைப்போல் சொன்னான். எட்டு ஆண்டுகளாக அவனுக்கு நாம் கற்பித்த பாடம் அது. அதை அவன் பிழையின்றி ஒப்புவித்தான். இக்கட்டுரை அந்த வாக்கியத்துக்கு எதிரானது.

2

இலங்கைக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காகச் சில விவரங்கள். இந்நாட்டின் அரச பாடசாலைகளில் முதலாம் தரம் தொடங்கி க.பொ.த. சாதாரண தரம் வரை சமயம் கட்டாய பாடம். பௌத்தம், சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறித்தவம் எனத் தனித்தனிப் பாடத்திட்டங்கள், தனித்தனிப் பாடநூல்கள். நூல்களை அரசே அச்சிட்டு இலவசமாக வழங்குகிறது. பரீட்சையையும் அரசே நடத்துகிறது. ஒவ்வொரு பிள்ளையும் தன் பெற்றோரின் சமயத்தைப் படிக்கும். அரசின் முழுப் பணத்தில் இயங்கும் கல்வி நிலையங்களில் சமயப் போதனையே கூடாதென்று சொல்லும் இந்திய அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புக்கு இது நேர் எதிரான ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டை எடுத்த எடுப்பில் இகழ்வது வரலாறு அறியாதோர் செயல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்வி வேண்டுமென்றால் மிஷன் பாடசாலைக்குப் போக வேண்டும்; போனால் வேதாகம வகுப்பில் இருக்க வேண்டும். அந்த நெருக்கடிக்கு யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் ஒரு விடை தேடினார். முஸ்லிம்கள் பக்கத்தில் விடை தேடியவர் கண்டி எம்.சி. சித்திலெப்பை. மதம் மாறிவிடும் என்ற அச்சத்தில் பிள்ளைகளைப் பாடசாலைக்கே அனுப்பாதிருந்த சமூகத்திடம், மார்க்கமும் நவீனக் கல்வியும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியும் என்று 1882இல் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை வாயிலாக அவர் வாதாடினார். அம்முயற்சியின் தொடர்ச்சியாகவே 1892இல் கொழும்பு மருதானையில் பின்னாளின் சாகிறாக் கல்லூரி முளைத்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. எந்தப் பிள்ளையும் பிறர் சமயத்துக்குள் தள்ளப்படாமல் தன் சமயத்தைக் கற்கலாம் என்பது நெடும் போராட்டத்தின் பேறு. அதைக் கைவிடச் சொல்ல நான் வரவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. அந்த உரிமையின் பாதியைத்தான் நாம் நிறைவேற்றினோம். "உன் சமயத்தை நீ கற்கலாம்" என்றோம். "உன் பக்கத்து வாங்கில் இருப்பவன் எதை நம்புகிறான் என்பதையும் நீ அறிய வேண்டும்" என்று சொல்ல மறந்தோம். முதற் பாதியிலும் குறை வைத்தோம் என்பதற்கு அந்த நூலகமே சாட்சி.

2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டு மக்களில் 9.7 வீதத்தினர் இஸ்லாமியர். அவர்களிலும் சோனகர், மலாயர், போராக்கள், மேமன்கள் எனப் பல வகையினர் உண்டு. பெரும்பாலோரின் வீட்டுமொழி தமிழ். ஆயினும் பாடசாலைகள் சிங்களம், தமிழ், முஸ்லிம் என்று பிரிந்து கிடப்பதால் பெருந்தொகையான பிள்ளைகள் ஒரு முஸ்லிம் மாணவனோடும் பழகாமலே படித்து முடிக்கிறார்கள். எஞ்சியிருப்பவை கலப்புப் பாடசாலைகள் மட்டுமே. அங்கும், சமயம் பற்றிப் பேசக்கூடிய அந்த ஒரே வேளையில் மணி அடித்துப் பிரித்துவிடுகிறோம். கணிதத்திலும் விளையாட்டிலும் சேர்ந்திருக்கலாம். மனிதன் ஏன் பிறந்தான், இறந்தபின் என்னாவான் என்ற கேள்வி வந்தால் மட்டும் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். இந்த ஒழுங்கைப் பதினோராண்டு பயின்ற பிள்ளை, பிறன் நம்பிக்கை தான் அறியத் தேவையற்றது என்று முடிவுகட்டினால் அது அப்பிள்ளையின் குற்றமா?

3

நண்பர்கள் சிலர் இதற்கு எளிய மருந்து வைத்திருக்கிறார்கள். இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் மருந்து: "சமயத்தைப் பாடசாலையிலிருந்தே எடுத்துவிடுங்கள், வீட்டிலும் கோயிலிலும் பள்ளிவாசலிலும் படித்துக்கொள்ளட்டும்." முற்போக்கான பேச்சு, கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் யார் நடைமுறைப்படுத்துவது? அரசியலமைப்பின் 9ஆம் உறுப்பிலேயே பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கியுள்ள அரசு. அவ்வரசு சமயத்தை எடுக்கத் தொடங்கினால் முதலில் எந்தச் சமயத்தின் பாடவேளை போகும், எது 'பண்பாடு' என்ற பெயரில் காலைக் கூட்டத்திலும் வரலாற்றுப் பாடத்திலும் எஞ்சி நிற்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை.

அதைவிட முக்கியமான மறுப்பு ஒன்றும் உண்டு. பாடசாலை கைவிட்டால் பிள்ளை சமயத்தைக் கற்காமல் இருந்துவிடுமா? இருக்காது. ஒலிபெருக்கியிலும் கைபேசியின் காணொளிகளிலும் கற்கும். அங்கே பாடத்திட்டம் இல்லை, மேற்பார்வை இல்லை, எதிர்க்கேள்வி கேட்கும் சக மாணவன் இல்லை. பாடசாலையின் இஸ்லாம் நூலில் பிழையிருந்தால் நீங்களும் நானும் வாங்கி வாசித்து இது பிழை என்று எழுதலாம். நள்ளிரவில் ஒரு பதினைந்து வயதுப் பையனின் காதுக்குள் மட்டும் ஒலிக்கும் போதனையை யார் வாசித்துத் திருத்துவது?

மறுபக்கத்தில் 'அவரவர் சமயம் அவரவர்க்கு' என்போர். அதிபர்களும் அதிகாரிகளும் பெரும்பாலும் இக்கட்சியினர். இதுவரை சிக்கல் வரவில்லையே, ஏன் புற்றைக் கிளறுவது என்பது அவர்கள் வாதம். சிக்கல் வரவில்லையா? 2018இல் திருகோணமலையில், ஓர் இந்து மகளிர் பாடசாலைக்கு முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தமை தெருப்போராட்டம் வரை போனதே, அது என்ன? அந்த வழக்கின் நியாய அநியாயத்துள் இங்கே நான் இறங்கவில்லை. அன்று இரு தரப்பிலும் கூச்சலிட்ட பெரியவர்கள் அனைவரும் 'அவரவர் சமயம் அவரவர்க்கு' என்ற ஏற்பாட்டில் படித்துத் தேறியவர்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். அபாயா என்பது என்ன, பர்தா என்பது என்ன, இவற்றுள் மார்க்கக் கடமை எது, அண்மைக்கால வழக்கம் எது, இதுபற்றி முஸ்லிம்களுக்குள்ளேயே உள்ள கருத்து வேறுபாடுகள் எவை என்று அமைதியாகக் கேட்கவோ சொல்லவோ தெரிந்தவர் அந்தக் கூச்சலில் மிகச் சிலரே இருந்தனர். கேட்கும் பழக்கம் ஏற்படவேண்டிய வயதில் அவர்களை வேறு அறைக்கு அனுப்பியிருந்தோம்.

4

மூன்றாவது தடை முஸ்லிம் சமூகத்துக்குள்ளிருந்து வருவது. அதை ஒரு பிறசமயத்தான் பேசுவது சங்கடமானதுதான். ஆயினும் என்னோடு பணியாற்றும் முஸ்லிம் நண்பர்கள் என்னிடம் நேரில் சொன்னதற்கு நேரிலேயே விடை சொல்வது மரியாதை. "மார்க்கத்தை மௌலவிதான் சொல்ல வேண்டும். மற்றப் பிள்ளைகளும் இருக்கும் வகுப்பில், மார்க்கம் கல்லாத ஆசிரியர் சொன்னால் அது திரிந்து போகும். நம் பிள்ளைகளும் குழம்பிப்போவார்கள்." இதுவே அந்த அச்சத்தின் சாரம்.

இந்த அச்சம் பழையது. உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடுவதற்கு வேண்டிய மார்க்கச் செய்திகளைக் கேட்டுச் சதக்கத்துல்லா அப்பாவிடம் சென்றபோது, புலவரின் உடையும் கோலமும் மாற்றுச் சமயத்தார் போல் இருந்தமையால் அப்பெரியார் முதலில் சொல்ல மறுத்தார் என்று ஒரு செவிவழிச் செய்தி உண்டு. மார்க்கத்தை அந்நியமான கைகளில் கொடுக்கத் தயங்கியவரின் அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் தயக்கம் நீங்கி அச்செய்திகள் புலவரிடம் சேர்ந்திராவிட்டால் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களால் ஆன அக்காப்பியம் தமிழுக்கு வாய்த்திராது. உமறுவின் தமிழாசானோ எட்டயபுரத்து அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவர். அவர் முஸ்லிம் அல்லர்.

இன்னும் பின்னே போவோம். நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் பழமையானதாகக் கருதப்படும் ஆயிரமசலா 1572இல் எழுந்தது. அதன் வடிவம் என்ன? வினாவும் விடையும். வினவுபவர் யார்? யூத அறிஞர் அப்துல்லா இப்னு சலாம். மாற்றுச் சமயத்தான் ஒருவன் வந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்க, நபிகள் நாயகம் சினவாமல் விடையளிக்கிறார். தமிழில் இஸ்லாமியக் கல்வி வெளியிலிருந்து வந்தவனின் கேள்வியோடு தொடங்குகிறது! கதையின் முடிவில் கேட்டவர் இஸ்லாத்தைத் தழுவுகிறார் என்பது உண்மை. பாடசாலையில் அந்த முடிவு வேண்டியதில்லை. கேட்கவும் விடை சொல்லவும் இடமிருந்தது என்பதே நமக்குப் போதும்.

தமிழுக்கு வெளியே மூல மரபிலும் இதுவே முறை. ஜிப்ரீல் ஹதீஸ் என்று அறியப்படும் நிகழ்ச்சியை முஸ்லிம் பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள். வெண்ணிற ஆடையோடு ஒருவர் சபைக்கு வருகிறார். பயணக் களைப்பின் அடையாளமும் இல்லை. சபையில் அவரை அறிந்தவரும் இல்லை. நபிகளின் முழந்தாளோடு முழந்தாள் சேர அமர்ந்து, இஸ்லாம் என்றால் என்ன, ஈமான் என்றால் என்ன, இஹ்ஸான் என்றால் என்ன என்று கேட்கிறார். அவர் போன பின், வந்தவர் ஜிப்ரீல் என்றும், உங்களுக்கு உங்கள் மார்க்கத்தைக் கற்பிக்கவே வந்தார் என்றும் நபிகள் தோழர்களுக்குச் சொல்கிறார். அறியாத ஒருவர் வந்து கேட்டமையால் சபையிலிருந்தவர்களே தம் மார்க்கத்தைக் கற்றார்கள். மாற்றுச் சமயப் பிள்ளை கேட்டால் நம் பிள்ளை குழம்பும் என்போர் இந்நிகழ்ச்சியை ஒருமுறை மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். யாரும் கேள்வி கேட்காத அறையில் மனனம் செய்த விடை, கேள்வி வந்த அன்று உதவாது.

5

முஸ்லிம்களுக்கு உபதேசம் செய்துவிட்டு நழுவிப் போக எனக்கு உரிமையில்லை. தமிழாசிரியர்களாகிய எங்கள் குற்றம் இதனினும் பெரிது.

சமயப் பாடவேளையில் பிரிந்த பிள்ளைகள் மீண்டும் கூடும் இடம் தமிழ் வகுப்பு. அங்கே தேவாரமும் இருக்கிறது, சீறாவும் இருக்கிறது, தேம்பாவணியும் இருக்கிறது. சட்டத்துக்கு அஞ்சாமல், மதமாற்றப் பயமின்றி, எல்லாப் பிள்ளைகளும் எல்லாச் சமயங்களையும் தொட்டுப் பார்க்கக்கூடிய இடம் அது ஒன்றே. அதை நாங்கள் என்ன செய்தோம்? சீறாப் பகுதி வந்தால் அருஞ்சொற்பொருளை எழுதிப்போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவினோம். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்று காண்டப் பெயர்களைச் சொல்லிக்கொடுப்போம். நுபுவ்வத்து என்றால் நபித்துவம் என்பதற்கு அப்பால் ஒரு மாணவன் கேட்டால் எங்களிடம் விடையில்லை. பேராசிரியர் ம. மு. உவைஸ் 1953இலேயே தமிழிலக்கியத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்புப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதி வழிகாட்டினார். அவரே மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய'வைத் தமிழாக்கியவர். ஒருவர் உள்ளத்தில் இஸ்லாமும் தமிழும் சிங்களமும் ஒருங்கே வாழ்ந்த அந்த முன்மாதிரியைப் பரீட்சைக்கான இரண்டு மதிப்பெண் குறிப்பாக்கிவிட்டோம். குணங்குடி மஸ்தான் சாகிபு மீது நான்மணிமாலை பாடியவர் திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் என்பதை எத்தனை தமிழாசிரியர்கள் வகுப்பில் சொல்லியிருப்பார்கள்?

என் குற்றத்தையும் சொல்கிறேன். விரிவுரையாளனான முதலாண்டில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பகுதி என் பங்குக்கு வந்தது. நான் அதை ஒரு முஸ்லிம் சக விரிவுரையாளரிடம் தள்ளிவிட்டேன். "உங்களுக்குத்தானே இது நன்றாகத் தெரியும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு ஏற்றார். அவர் படித்ததும் என்னைப்போல் தமிழ் முதுகலைதான். நான் படித்த அதே நூல்களைத்தான் அவரும் படித்தார். தேவாரப் பகுதியை நான் அவரிடம் தள்ளியிருப்பேனா? மலையகத்துச் சிறுவன் சொன்ன வாக்கியத்தை அவனுக்கு முன்பே நான் சொல்லியிருந்தேன், சற்று நாகரிகமான தமிழில்.

அதற்கும் முன்பே கேட்டிருந்தேன். நான் யாழ்ப்பாணத்தில் படித்த வகுப்பில் ஒரு முஸ்லிம் நண்பன் இருந்தான். சைவ சமயப் பாடவேளையில் அவனை மைதானத்துக்குப் போகச் சொல்வார்கள். புராண வசனங்களை மனனம் செய்துகொண்டிருந்த எங்களுக்கு அவன்மேல் பொறாமை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஒக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மறுபடி பாடசாலை கூடியபோது அவன் இடம் காலியாக இருந்தது. எவரும் எதுவும் சொல்லவில்லை. வீட்டில் கேட்டேன். "அது அவையின்ரை பிரச்சினை, நீ படி" என்றார் உறவினர் ஒருவர். அச்சம் காரணமாக இருந்திருக்கலாம்; அக்காலத்தில் வாய் திறப்பது எளிதன்று. ஆனால் அச்சத்தை மட்டும் சொல்லித் தப்ப முடியாது. அவன் எங்களுள் ஒருவன் என்ற எண்ணம் எங்களிடம் வலுவாக இருந்திருந்தால் அந்த மௌனம் அத்தனை இலகுவாக வந்திராது. வாரந்தோறும் அவன் எழுந்து வெளியே போவதைப் பார்த்துப் பழகியிருந்தோம். ஒருநாள் திரும்பி வரவில்லை. அவ்வளவுதான்.

'அது அவங்கட பாடம்' என்பதற்கும் 'அது அவையின்ரை பிரச்சினை' என்பதற்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு குறுகியது என்று அறிந்தவன் என்ற முறையிலேயே இதை எழுதுகிறேன்.

6

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதன்பின் நாட்டில் இஸ்லாமியக் கல்வி என்பது பாதுகாப்புத் துறையின் அகராதிக்குள் போய்விட்டது. மதரஸாக்கள், அரபு எழுத்துப் பலகைகள், இறுதியில் பாடசாலையின் இஸ்லாம் பாடநூல்கள் எனச் சந்தேகம் படிப்படியாக இறங்கி வந்தது.

பாடநூலை மீளாய்வு செய்வதில் தவறில்லை. எல்லாச் சமயப் பாடநூல்களையும் காலத்துக்குக் காலம் மீளாய்வு செய்யத்தான் வேண்டும். ஆனால் ஒரு சமயத்தின் நூலை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது கல்வியன்று. அந்தத் தாக்குதலின் தலைவன் தன் வெறுப்பைப் பரப்பியது காணொளிகள் வழியே. அவன் பேச்சைக் கேட்டு அருவருத்து, அதிகாரிகளிடம் முறையிட்ட முஸ்லிம்கள் அவன் ஊரிலேயே இருந்தார்கள். அவர்களை யாரும் செவிமடுக்கவில்லை. அவர்கள் பேசியது என்ன, அவன் பேசியது என்ன, இரண்டுக்கும் வேறுபாடு என்ன என்று பிரித்தறியும் அறிவு மற்றவர்களிடம் இல்லாமையும் அதற்கு ஒரு காரணம். சூஃபி மரபு, தப்லீக், தவ்ஹீத் என்று இந்நாட்டு முஸ்லிம்களுக்குள் நடந்துவந்த வாதங்களெல்லாம் வெளியிலிருப்போருக்கு ஒரே இரைச்சலாகவே கேட்டன.

அந்த வாரங்களில் என் ஆசிரிய மாணவர்கள் பலர் பாடசாலைகளிலிருந்து என்னை அழைத்துக் கேட்டார்கள். "பிள்ளைகள் ஜிஹாத் என்றால் என்ன என்று கேட்கிறார்கள் சேர், என்ன சொல்ல?" நாளை நாட்டின் வகுப்பறைகளில் நிற்கப்போகிறவர்கள், பட்டியலிட்டால் ஐந்து கடமைகளைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள். அவர்களைப் பயிற்றியவன் நான்.

7

எனவே என் கோரிக்கைகள் இவை.

முதலாவது, கலப்புப் பாடசாலையில் எந்தப் பிள்ளையும் தன் சமயத்தைத் தானே பென்சிலால் கோடிட்டுப் படிக்கும் நிலை இருக்கக்கூடாது. ஏழு பேருக்கு ஓர் ஆசிரியரா என்று கேட்பார்கள். வலயத்துக்கு ஒருவரேனும் பாடசாலை தோறும் சென்று கற்பிக்கட்டும். கற்பித்தற் பயிற்சி பெற்றவராக, வகுப்பறை அறிந்தவராக அவர் இருக்கட்டும். மௌலவியாக இருந்தால் மகிழ்ச்சி. ஆனால் அத்தகைமை மட்டும் போதாது.

இரண்டாவது, ஆறாந்தரம் முதல் ஒன்பதாந்தரம் வரை வாரத்தில் ஒரு சமயப் பாடவேளையில் வகுப்பு கலையாதிருக்கட்டும். அன்று எல்லாப் பிள்ளைகளும் எல்லாச் சமயங்களையும் பற்றிக் கற்கட்டும். இதற்குப் பரீட்சை வேண்டாம். பெற்றோர் விரும்பாவிடில் பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமை இருக்கட்டும். இங்கிலாந்தில் 1944 சட்டத்தின் காலந்தொட்டு அவ்வுரிமை உண்டு. அந்நாட்டின் 1988 சட்டம், கிறித்தவத்துக்கு முதன்மை தந்தபோதும் ஏனைய பெருஞ்சமயங்களையும் பாடத்திட்டம் கருத்திற்கொள்ள வேண்டும் என்றது. ஜேர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நம்மைப்போலவே சமயவாரியாகப் பிரித்துத்தான் கற்பிக்கிறார்கள்; ஹம்பேர்க் நகரமோ எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் அமர்த்தும் வழியைத் தேர்ந்தது. 2012இல் முஸ்லிம் அமைப்புகளோடும் அலவிகளோடும் செய்த உடன்படிக்கைகளுக்குப் பின் அவர்களும் அவ்வகுப்பின் பொறுப்பில் பங்காளிகள். இவற்றை அப்படியே பெயர்த்து வைக்கச் சொல்லவில்லை. அங்கும் இஸ்லாம் பலவேளை ஐந்து கடமைகளும் ஒரு பள்ளிவாசல் சுற்றுலாவுமாகச் சுருங்கிவிடுகிறது என்ற குறைபாடு உண்டு. நாம் தொடங்கினால் அதைத் தவிர்த்துத் தொடங்கலாம். கஞ்சியும் வட்டிலப்பமும் பகிர்ந்துண்பது நல்ல காரியம், அது கல்வியாகிவிடாது. முஸ்லிம்கள் தமக்குள் எவற்றில் வேறுபடுகிறார்கள் என்பது வரை பேச இடமிருந்தால்தான் கல்வி.

மூன்றாவது, எந்தப் பாடநெறியானாலும், கல்வியியற் கல்லூரியை விட்டு வெளியேறும் ஒவ்வோர் ஆசிரியரும் தன் சமயமல்லாத மூன்று சமயங்களின் அடிப்படைகளையேனும் கற்றிருக்க வேண்டும். பாடத்திட்டச் சீர்திருத்தம் பற்றி மீண்டும் மீண்டும் பேசும் அதிகாரிகள் தொழில்நுட்பத்துக்கு ஒதுக்கும் கவனத்தில் பத்திலொரு பங்கை இதற்கு ஒதுக்கினாலும் போதும்.

அதிகாரிகள் செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. என் வகுப்பில் இப்போது ஒரு சிறு வழக்கம் உண்டு. சீறாவை முஸ்லிம் அல்லாதவர் நடத்த வேண்டும். பெரியபுராணத்தைச் சைவர் அல்லாதவர் நடத்த வேண்டும். சென்ற ஆண்டு மட்டக்களப்பைச் சேர்ந்த சைவ மாணவி ஒருத்தி 'மானுக்குப் பிணை நின்ற படலம்' நடத்தினாள். வேடன் கையில் அகப்பட்ட மான், கன்றுக்குப் பாலூட்டிவிட்டு வருகிறேன் என்கிறது. அது திரும்பும்வரை நபிகள் பிணை நிற்கிறார். மான் சொன்னபடி திரும்பி வருகிறது. அவள் கண் கலங்க நடத்தினாள். முடித்ததும் முஸ்லிம் மாணவன் ஒருவன் எழுந்து, இந்நிகழ்ச்சியை ஆதாரபூர்வமானதென்று மார்க்க அறிஞர் எல்லோரும் ஏற்பதில்லை என்றான். இன்னொரு முஸ்லிம் மாணவி, எங்கள் வீட்டில் உம்மும்மா இதைச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார் என்றாள். அப்படியானால் காப்பியத்தில் இது என்ன செய்கிறது என்று ஒரு கத்தோலிக்க மாணவன் கேட்டான். அன்று மணி அடித்த பின்னும் அரைமணி நேரம் அந்த வகுப்பு கலையவில்லை. எனக்கு விடை தெரியாத கேள்விகள் மூன்று வந்தன. தெரியாது என்று சொன்னேன். தேடிக்கொண்டு வருவதாகவும் சொன்னேன்.

அந்த மாணவி அடுத்த தவணையில் ஒரு கலப்புப் பாடசாலைக்குக் கற்பித்தற் பயிற்சிக்குப் போகிறாள். அங்கும் சமயப் பாடவேளைக்கு மணி அடிக்கும், வகுப்பு கலையும். வெளியேறும் பிள்ளைகள் எங்கே போகிறார்கள், அங்கே ஆசிரியர் இருக்கிறாரா என்று போய்ப் பார்த்து எனக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன். இதை வாசிக்கும் ஆசிரியர்களிடமும் இப்போதைக்கு அதையே கேட்கிறேன். நாளை உங்கள் பாடசாலையில் அந்த மணி அடிக்கும்போது, தயவுசெய்து எழுந்து போய்ப் பாருங்கள்.